டைரக்டருக்குக் காத்திருந்த வைன்

றக்வான, 1993. பஸ்ஸில் மலையேறி வந்த களைப்போடு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் சாப்பாட்டு மேசையில், விருந்தாளியாக, உட்கார்ந்திருக்கிறேன். தோட்ட மேனேஜரான துரை தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். அலமாரியில் பழைய துரை விட்டுப்போன ஒரு பிரெஞ்சு வைன் போத்தல். கொழும்பிலிருந்து கம்பெனி டைரக்டர் வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்பது புதிய துரையின் உத்தரவு.

சமையல்காரர் முத்தையா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். "பாருங்கய்யா, போத்தல் கழுத்து வரைக்கும் இருந்த வைன் தோளுக்கு இறங்கிருச்சு. இனியும் வச்சா புளிச்சிரும். இன்னைக்கே குடிக்கணும்."

"துரை கேட்டால்?"

"முப்பது வருசமா இந்த பங்களாவுல நான்தான் போத்தல் திறக்கிறேன். எதை எப்ப குடிக்கணும்னு அவருக்கா தெரியும்?"

தக்கை நொறுங்காமல் வருகிறது. கிளாஸில் ஊற்றிய வைனின் ஓரம் செங்கல் நிறம். வாயில் பேரீச்சை, சுருட்டு இலை, கடைசியில் லேசான புளிப்பு. அவர் சொன்னது சரி, இன்னொரு வருடம் தாங்காது.

இந்த அறையில் வேலைக்காரர்கள் உட்காருவதில்லை. முத்தையா எனக்கெதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஊற்றிக்கொள்கிறார். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. நான் பதறி எழுகிறேன்.

"உட்காருங்கய்யா," என்கிறார். "துரைக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வச்சிருக்கேன்."