ஊதாக் கறை

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் தேயிலையைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டதும் கால் தரையில் படவில்லை.

அங்கே எனக்குக் கொடுத்த வேலைக்கு குரோமடோகிராபி என்று பெயர். கொழுந்தை அரைத்தெடுத்த சாற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு பெரிய வடிதாளின் ஓரத்தில் பொட்டுச் சாறு வைத்து, கண்ணாடித் தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். தொட்டியில் இருக்கும் திரவம் தாளில் மெல்ல ஊறும்போது, சாற்றில் உள்ள ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மறுநாள் தாளைக் காயவைத்து, இன்னொரு மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் தனித்தனி ஊதாப் பொட்டுகளாக எழும்பி வரும். முதல்முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

நான் தனியாகச் செய்ய ஆரம்பித்ததும் வந்தது வினை. பொட்டுகளுக்கு நடுவே, இருக்கக்கூடாத இடத்தில் ஊதாக் கறைகள். மறுபடி செய்தேன். மறுபடியும் கறை.

எங்கள் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன உது? எங்கயிருந்து வந்தது?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தொட்டிய சரியா கழுவலைங்க ஐயா."

கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

"அப்ப அவவை வெள்ளிக்கிழமையோட வேலையால நிப்பாட்டுவம்" என்றார் அதிகாரி.

சாமான் கழுவும் இடத்தில் நின்ற அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "மூணு தண்ணி ஊத்தித்தான் தம்பி கழுவுனேன்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. சுத்தமான தாள் ஒன்றாவது எடுத்தே தீருவது என்று, இந்த முறை தொட்டியை நானே தேய்த்துக் கழுவினேன். மறுநாள் தாளைச் சூடு காட்டினால், அதே கறை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். கறைக்குள் விரல்ரேகை போல மெல்லிய கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கீறல். என் வலது கட்டைவிரலில், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு அப்படியே தாளில் இருந்தது.

ஈரத்தாளைத் தூக்கிக் காயப்போடும்போது வெறுங்கையால் பிடித்திருக்கிறேன். என் வியர்வையும் அந்த மருந்துக்கு ஊதாவாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை இடுக்கியால் பிடித்தால் கறையும் வராது. அக்கா போனதால்தான் கறையும் போனது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அதை நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. தாளோடு போய் அதிகாரியின் கதவைத் தட்டினேன்.

அவர் என் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர் இதை ஒளிச்சிருக்கலாம்."

"ஆமாங்க ஐயா."

"திரும்பச் செய்யும். சுத்தமா வருமட்டும் செய்யும். அவ வேலையில இருக்கட்டும்."

செய்தேன். சுத்தமான தாளோடுதான் அக்காவிடம் போவது என்று இருந்தேன். இடுக்கியால் தூக்கியதில் ஈரத்தாள்கள் இரண்டு கிழிந்து போயின. விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது தாளில் பொட்டுகள் மட்டும் எழும்பின, ஒரு கறை இல்லை. அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"என் கைதான்க்கா காரணம். உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. "மூணு நாளா புள்ளைங்க மொகத்தப் பாத்தா சோறு எறங்கல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி கழுவத் திரும்பினார்.

தாளில் வந்த கறைக்கு நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அந்த அக்கா சாப்பிடாமல் கிடந்த மூன்று நாளைத் திருப்பிக் கொடுக்க, இத்தனை வருஷமாகியும் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.