நின்றுவிட்டார்

எதை எழுதுவதற்கு முன்பும் ரிஜிஸ்டர் அக்கா பேனாவை இடது கையில் சோதித்துப் பார்ப்பார். கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கும் இடத்தில் நகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு. அரை நிமிடம் முன்பு நன்றாக எழுதிய பேனாவாக இருந்தாலும் கோடு உண்டு. மாலையில் அந்தக் கோடுகளை எண்ணினால் அன்று ஜன்னலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். "இன்னிக்குக் கை நிறைய வேலை போல" என்பது அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகப் புழங்கிவந்த நகைச்சுவை. அக்கா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிரிப்பார்.

அவர் டைம் ஆபீஸ் எழுத்தர். யார் வந்தார், யார் வரவில்லை, யார் புதிதாகச் சேர்ந்தார் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தது. நீளமான பதிவேட்டின் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'விலகல் விவரம்'. இரண்டு விரல் அகலம். "நின்றுவிட்டார்" என்று எழுதினால் சரியாக அடங்கும்.

நாற்பத்திரண்டு வயதில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். மனிதவளமும் நிறுவன மேம்பாடும். இரண்டு வருடம், வார இறுதி வகுப்புகள். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது முன்வரிசையில் இருந்த நான்கு பேர் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

படிக்கக் காரணம் ஒரு நாற்காலி. தொழிற்சாலையில் மனிதவள அதிகாரி பதவி ஒரு வருடமாகக் காலி. அதற்கென்று வாங்கிய சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேனேஜர் அறையின் மூலையில் இருந்தது. மேலே பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "பட்டத்தோட வாம்மா, அது உனக்குத்தான்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சொன்ன வார்த்தையைத் திரும்ப நினைவுபடுத்தினால் கூச்சப்படுவார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் கல்லூரியில் படிக்கும் மகளும் உட்கார்ந்து படித்தார்கள். டெலிவரி வேன் ஓட்டும் கணவர், இருவருக்கும் இடையில் தட்டு வைக்க இடம் தேடுவார்.

"அமைப்ப மொதல்ல இளக்கணும், அப்புறம் மாத்தணும், திரும்ப உறைய வெக்கணும்" என்று அக்கா ஒருநாள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"நீ படிக்கறது கம்பெனியப் பத்தியாம்மா, ஃப்ரிட்ஜப் பத்தியா?" என்றாள் மகள்.

"ரெண்டும் அடிக்கடி ரிப்பேராகுது இல்ல" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட். தொழிலாளர்கள் தாமாக வேலையை விட்டு நிற்பது ஏன் என்பதை அக்கா தலைப்பாக எடுத்துக்கொண்டார். தரவுக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டு பேருக்கு எதிரே அவரே எழுதியிருந்தார்: நின்றுவிட்டார். சேரும்போது கொடுத்த போன் நம்பர்களும் இருந்தன. கேள்வித்தாள் தயார் செய்து, மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் ஆள், பசை மெஷினில் இருந்த பெண். அக்கா நலம் விசாரித்துவிட்டு முதல் கேள்வியைப் படித்தார்: "நீங்கள் ஏன் வேலையை விட்டு நின்றீர்கள்?"

"நான் எங்கக்கா நின்னேன்? எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நின்னேன், அது வாஸ்தவம். வேலைய விட்டு நிக்கல. நிறுத்துனாங்க."

"சூப்பர்வைசர் நீங்களே நின்னுட்டதா சொன்னாரே."

"நாளையிலருந்து வராதன்னார். வரல. இதுக்குப் பேரு நிக்கறதாக்கா?"

அக்கா கேள்வித்தாளில் அந்தப் பதிலை எழுதக் கட்டம் தேடினார். இல்லை. ஓரத்தில் எழுதினார்.

போனை எடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் பதினைந்து பேர் உண்மையாகவே நின்றவர்கள். இருபத்தாறு பேர் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நிறுத்துனாங்க. அவர்களில் ஒருவர் மட்டும், "இப்பவாவது கேட்டீங்களே" என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நடந்தது எப்படி என்று யோசித்தால் சிக்கல் எதுவும் இல்லை. சூப்பர்வைசர் ஜன்னலில் தலையை நீட்டி, "அந்த ஆள் நின்னுட்டாம்மா, எழுதிக்க" என்பார். அக்கா கையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார். நிறுத்தினால் அவர்களுக்குக் காரணம் சொல்லி ஒரு கடிதம் தர வேண்டும். தானாக நின்றவருக்கு எதுவும் தர வேண்டாம். அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த இடத்தில் வேலை கேட்கப் போனால், "சொல்லாம ஓடி வந்த ஆளா?" என்பார்கள். இரண்டு சொல்லுக்கும் இடையில் இருந்தது அவ்வளவுதான்.

சூப்பர்வைசரிடம் கேட்டார். அவர் மழுப்பவில்லை. "வரலைன்னா நின்னுட்டான்னுதான அர்த்தம்?"

"வராதேன்னு சொன்னது யாரு?"

"அதை எழுத உன் ரிஜிஸ்டர்ல கட்டம் இருக்கா சொல்லு, நான் சொல்றேன்."

ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "தலைப்பு 'தாமாக நிற்பது'. உங்க கையில இருக்கறது வேற சரக்கு. ஒண்ணு தலைப்ப மாத்துங்க, இல்ல ஆளுங்கள மாத்துங்க. பத்து நாள்தான் இருக்கு. கம்பெனியோட அனுமதிக் கடிதம் இல்லாம நான் வாங்க மாட்டேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல போய் கையெழுத்து கேக்கறியேம்மா. நாளைக்கு யாராவது படிச்சா என்ன ஆகும்? தூரம், குடும்பம், உடம்பு, மூணு காரணம் போடு. எல்லாரும் அதுக்குள்ள அடங்கிடுவாங்க." மேனேஜர் மூலையில் இருந்த நாற்காலியைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். மேலே இருந்த கோப்புகளை யாரோ எடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் அக்கா எதுவும் எழுதவில்லை. தூரம், குடும்பம், உடம்பு என்று மூன்று கட்டம் போட்டு, பசை மெஷின் பெண்ணை எதில் அடைப்பது என்று பார்த்தார். அவளுக்கு வீடு தொழிற்சாலைக்குப் பின்தெரு. தனி ஆள். காய்ச்சல் என்று ஒருநாள்கூட லீவு எடுத்தவள் இல்லை; அதுவும் பதிவேட்டில் இருந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் முதல் பக்கத்தை எடுத்துத் தலைப்பை அடித்துவிட்டு வேறு எழுதினார்: 'விலகல் பதிவில் எழுத்தரின் பிழைகள்: ஓர் ஆய்வு'. உள்ளே எதையும் மாற்றவில்லை. இருபத்தாறு பேரையும் பின்னிணைப்பில் வரிசையாகப் போட்டார். செய்த வேலை, விலகிய தேதி, தவறாக எழுதப்பட்டது, எழுதியிருக்க வேண்டியது.

மகள் அதைத் தட்டச்சு செய்து தந்தாள். பாதியில் நிறுத்தி, "உன்ன நீயே மாட்டி விடறியேம்மா" என்றாள்.

"எழுதினது நான்தானே."

"சொன்னது அவங்க."

"சொன்னவங்க கையெழுத்து எங்கயும் இல்லையே. அடி, அடி, நேரமாச்சு."

மேனேஜர் தலைப்பைப் படித்தார். பக்கங்களைக் கட்டைவிரலால் ஒரு சீட்டுக்கட்டைப் போல விசிறிவிட்டு மூடினார். "உன் தப்ப நீ ஆராய்ச்சி பண்றதுக்கு நான் எதுக்கும்மா குறுக்க நிக்கணும்?" கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஆபீஸ் காப்பிய மட்டும் வெச்சிட்டுப் போ" என்றார். படிக்காமல் போட்டுவிட்டார் என்று அக்காவுக்கு ஒரு நிம்மதி, கொஞ்சம் வருத்தம்.

ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "உங்க ஆய்வுக்கு மூலப்பொருள் என்ன?" என்று கேட்டார். "என் கையெழுத்துதான் சார்" என்றார் அக்கா. இரண்டாம் வகுப்பில் தேறினார்.

பட்டத்தின் நகலை மேனேஜர் மேசையில் வைத்தபோது அவர் வாழ்த்தினார். நாற்காலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் வந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அதில் உட்கார்ந்தான். அக்கா யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு பிழை செய்தேன் என்று அச்சடித்துக் கொடுத்த ஆளுக்கு யார் நாற்காலி தருவார்கள் என்றுதான் கணவரிடம் சொன்னார். "நானா இருந்தா தந்திருப்பேன்" என்றார் கணவர். "உங்ககிட்ட இருக்கறது வேன் சீட்டுதானே" என்றார் அக்கா.

ஆனால் ஜன்னலில் ஒன்று மாறியது. விலகல் விவரத்தை இனி சம்பந்தப்பட்ட ஆள் வாயால் கேட்காமல் அக்கா எழுதுவதில்லை. "நின்னீங்களா, நிறுத்துனாங்களா?" கட்டத்துக்குள் அடங்காவிட்டால் இரண்டு வரியாக எழுதினார். சூப்பர்வைசர் அவருக்கு 'கோர்ட்' என்று பெயர் வைத்தார். பின்னிணைப்பும் முத்திரையிட்ட அனுமதிக் கடிதமும் சேர்த்து அக்கா கொடுத்த நகலைக் காட்டி, பசை மெஷின் பெண் உள்படப் பத்தொன்பது பேர் தங்களை நிறுத்தியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப்போனார்கள். கொடுத்த கடிதம் ஒவ்வொன்றிலும் மேனேஜரின் கையெழுத்து இருந்தது.

கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் ஆன ஒரு மாலை மேனேஜரே ஜன்னலுக்கு வந்தார். கையில் டிபன் பையும் குடையும். இன்றோடு கடைசி, பெயரை எடுத்துவிடு என்றார். அக்கா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, பேனாவை எடுத்துக் கையில் ஒரு கோடு போட்டார்.

"நின்னீங்களா சார், நிறுத்துனாங்களா?"

அவர் சிரித்தார். "நின்னேன்னே எழுதிக்கம்மா."

எழுதினார். ஒரே வரியில் அடங்கியது.

ஆபீஸ் காப்பி திரும்பி வந்தது அதற்கும் எட்டு மாதம் கழித்து, பழைய பீரோவைக் காலி செய்தபோது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் படித்ததற்கு அடையாளமாகப் பென்சிலில் ஒரு சின்ன டிக் இருந்தது. பின்னிணைப்பின் கடைசியில், இருபத்தாறாவது வரிக்குக் கீழே, மேனேஜர் கையெழுத்தில் இன்னொரு வரி: 27. மேலாளர். மூன்று மாத நோட்டீஸில் நிறுத்தப்பட்டார். பக்கத்தில் போட்டிருந்த நோட்டீஸ் தேதி, அனுமதிக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட தேதிக்கு முந்தைய நாள்.