முதுகு காட்டிய தூண்

கினுயோவின் அப்பா சகுபே, மலையடிக் கோயிலுக்கு முப்பதாயிரம் யென் பாக்கி வைத்துவிட்டுச் செத்தார். எழுநூறு வருஷக் கோயிலின் கல்வேலிக்கு ஒரு தூண் தருவதாகக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அவர் ஊரறியச் சொல்லி, கல்லில் பேரும் தொகையும் செதுக்கியாகிவிட்டது. பணம் கட்ட வேண்டிய திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மூச்சு நின்றது. சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் கோயில் தோரண வாசலைத் தாண்டக் கூடாது. தீட்டுக் கழிவதற்குள் சேர்த்த காசைச் சாவுச் செலவு தின்றுவிட்டது. பணம் வராததால் ஊரார் அந்தத் தூணைப் பேர் காட்டுப் பக்கம் பார்க்க நட்டார்கள்.

அப்போது கினுயோவுக்கு ஒன்பது வயது. பதினைந்தில் சோயா அரைக்கப் போனவள், முப்பதில் சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவுக்குச் சொந்தக் கடை போட்டாள். அவள் டோஃபுவைத் தின்ற நாக்கு வேறு டோஃபுவைத் தொடாது. சந்தேகமென்றால் மூன்று பள்ளத்தாக்கிலும் கேட்டுப் பாருங்கள். அப்பா பாக்கியைத் தீர்க்க இரண்டு முறை கோயிலுக்குப் பணத்தோடு போனாள். போனது போகட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

அறுபத்தெட்டாம் வயதில் வழி பிறந்தது. புயலில் மரம் விழுந்து வேலி சரிந்தது. தூண்களை மறுபடி நடும் நாளில் கினுயோ வாசலில் குனிந்து வணங்கி, கையும் வாயும் கழுவி, நேரே கோயில் தலைவர் முராமாட்சுவிடம் போய் நின்றாள். அப்பா தூணைப் பேர் தெருவைப் பார்க்கும்படி திருப்பி நடச் சொன்னாள்.

அவள் பேரிலேயே புதுத் தூண் போடலாம், மூன்று லட்சம்தான் என்றார் அவர்.

"எங்கப்பா தூண்தான் வேணும் தலைவரே. அதுல முப்பதாயிரம்னு இருக்கு, அதைத்தான் தருவேன். ஆள் கூலி தனி."

"முப்பதாயிரத்துக்கு இன்னைக்கு என்னக்கா வரும்? கோயில் கூரைக்கு நாலு ஓடு வருமா?"

"உங்க தாத்தா குடுத்த அஞ்சாயிரத்துக்கு எத்தனை ஓடு வரும்? அவரு பேரு மட்டும் முன்வரிசையில பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குதே."

கடப்பாரை பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். முராமாட்சுவும் சிரித்துவிட்டுத் தலையசைத்தார்.

நாலு பேர் புரட்டி நிமிர்த்தினார்கள். கினுயோ மண்டியிட்டுப் பாசியைச் சுரண்டினாள். சகுபே என்ற பேர், ஐம்பத்தொன்பது வருஷம் கழித்துத் தெருவைப் பார்த்தது.

பணத்தை உறையில் போட்டுச் சாமி முன்னால் வைப்பதுதான் முறை என்று முராமாட்சு மெல்லச் சொன்னார்.

"உறைக்குள்ள வச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்? கையை நீட்டுங்க."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். கடப்பாரைக்காரர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, ஆயிரம் ஆயிரமாக, முப்பது புதுத் தாளையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள் கினுயோ.