நனையாத துடுப்பு

இரண்டு பேர் உட்காரும் கயாக்கில், முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். திரும்பிப் பார்த்தால் படகு ஆடும். பின்னாலிருந்து வருகிற குரலை நம்பித்தான் போகவேண்டும். ஒரு கோடைக்காலம் முழுக்க நான் அப்படி நம்பிப் போனேன்.

குரல் என் கணவனுடையது. "லெஃப்ட் போடு, லெஃப்ட் போடு. ஆங், இப்ப ரைட்டு. வேகமா. சூப்பர்டி!"

எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்த நேரம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில், இயந்திர உதிரிபாகங்களை அளந்து, இது தேறும், இது தேறாது என்று பிரிக்கிற பிரிவில் இருந்தேன். அவர்களுடைய புனே ஆலையில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக என்னை அனுப்ப முடிவு செய்தார்கள். என் அப்பா இதே எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றியவர். மண்ணூர்பேட்டையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். வேலப்பன்சாவடி பக்கம் போய்ப் பொறியியல் படித்த முதல் ஆளும் நான்தான். இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கணவனைக் கல்லூரியில் பார்த்தேன். வீடு காட்டுப்பாக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா, கல்யாணமான ஒரு தங்கை. நான் மதம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் பக்கத்தில் மாதா கோவிலில் உட்கார்ந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். அவன் கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டித் தருகிற வேலை செய்தான். "புனேன்னா என்ன? என் லேப்டாப் அங்கயும் ஓடும்" என்றான். அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி தங்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. தனி ஆள் என்றால் ஓர் அறை, குடும்பம் என்றால் சமையலறையோடு வீடு. எது வேண்டும் என்று நான் கிளம்புவதற்கு முந்தின வாரத்துக்குள் சொல்லவேண்டும். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை.

"போறதுக்கு முன்னாடி இங்க இருக்கற தண்ணியெல்லாம் பாத்துடணும்" என்று அவன்தான் ஆரம்பித்தான். யாரோ பயன்படுத்திய கயாக் ஒன்றை வாங்கி வந்தான். சிவப்பு நிறம், பம்பு வைத்துக் காற்றடிப்பது, மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும். முதலில் முட்டுக்காடு, அப்புறம் பழவேற்காடு, அப்புறம் கூட்டமில்லாத ஏரிகள் என்று பூந்தமல்லிக்கு மேற்கே போய்க்கொண்டே இருந்தோம். விடியற்காலையில் ஏரி பளபளவென்று கிடக்கும். நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, அண்ணி இஸ்துகினு போவுது, நீ ஜம்முனு குந்திகினு கீற!"

என் கணவன் பெரிதாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். பெண் துடுப்புப் போடுவதைப் பார்த்தால் ஆண்கள் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

கயாக் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டை இருக்கும். ஒன்று தண்ணீரில் இருக்கும்போது மற்றது மேலே இருக்கும். அதிலிருந்து வழிகிற தண்ணீர் கை வழியாக இறங்கி மடியை நனைக்கும். கரைக்கு வரும்போது நான் முழங்கை முதல் முட்டி வரை ஊறிப்போயிருப்பேன். அவன் சட்டையில் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.

"உனக்குக் கை சரியில்ல. தண்ணிய வாரி மேல ஊத்திக்கிற" என்பான். நான் கையைச் சரிசெய்யப் பார்த்தேன். வீட்டில் துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்தேன்.

துடுப்புகளைப் பரணில்தான் போட்டிருந்தோம். ஒரு தடவை இறக்கும்போது அவன் துடுப்பின் ஒரு தட்டையில் பல்லி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மறு தட்டையில் நல்ல தூசி. ஏரியில் எப்படியும் கழுவிக்கொள்ளும் என்று துடைக்கவில்லை. வெயில் ஏறும்வரை ஏரியைச் சுற்றினோம். எதிர்க்காற்றில் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கரையேறிப் படகின் காற்றைப் பிடுங்கும்போது அவன் துடுப்பைக் கையில் எடுத்தேன். எச்சம் அப்படியே இருந்தது, வெள்ளை நுனியோடு. தூசியும் அப்படியே. என் விரல் பட்ட இடம் மட்டும் கோடாக இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான், சிரித்துவிட்டால் விஷயம் முடிந்துபோகும், நான் மட்டும் ஏமாந்தவளாக நிற்பேன். எங்கள் பிரிவில் ஒரு பழுதைப் பார்த்ததும் கத்தமாட்டோம். அடுத்த பெட்டியையும் திறந்து பார்ப்போம்.

அடுத்த பெட்டி முகாமில் திறந்தது.

ஏரிக்கரைத் தோப்பு ஒன்றில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவது என்று ஏற்பாடு. நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் கூட வந்தார்கள். போகிற வழியில் மண்ணூர்பேட்டையில் அம்மாவைப் பார்க்க நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"ஏன்டீ, கொட்டாய்லேர்ந்து உங்கள வெளிய இஸ்துகினு வர்றதுக்குள்ள எனக்கு முதுகே ஒட்ஞ்சி பூட்ச்சி. நீ துட்டு குட்த்து துணி கொட்டாய்ல போய் படுக்கிறியா? இதுக்குத்தான் அவ்ளோ படிச்சியா?"

"அது கேம்பிங்மா."

"இன்னாவோ ஒண்ணு. பாம்பு கீம்பு புட்ங்குனா ஊட்டுக்காரன கூப்புடு. அவன் வீடியோ எடுப்பான்."

தோப்பில் கழிப்பறை இல்லை. என் கணவன் ஒரு சின்ன மண்வெட்டியை எடுத்து எனக்கு வகுப்பு எடுத்தான். தண்ணீரை விட்டுத் தள்ளிப் போகணும், குழி தோண்டணும், முடிந்ததும் மூடணும். நான் "தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு வரை எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. எஸ்டேட் மதிலுக்குப் பின்னால் முள்ளுச்செடிக்குள் விடிவதற்கு முன் போய்வருவோம். அம்மா புடவை முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் இதை அவனிடம் சொல்லியிருந்தேன். அப்போது அவன் கண் கலங்கினான். அந்தக் கண்ணீரை நம்பித்தான் பதிவு அலுவலகம் வரை போனேன்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது நாத்தனார் மண்வெட்டியைக் காட்டி, "அண்ணே, அண்ணிக்குச் சொல்லிக்குடுத்துட்டியா?" என்றாள்.

"இவளுக்கு எதுக்கு டிரெய்னிங்? இவ அதுல பிஎச்டி. மண்ணூர்பேட்டை முள்ளுக்காடு யுனிவர்சிட்டி."

நாத்தனாரின் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. நாத்தனார் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஃபீஸ் கட்டாம படிச்ச கோர்ஸா அண்ணி?" என்றாள். பிறகு, சிரித்த வாயோடு, "சரி மோட்டார், அந்த மீனக் கழுவிடு, பசிக்குது."

"என்ன மோட்டார்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "காட்டுடி, ஜோக்குதானே" என்றான்.

அவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு அது. அதில் நான் இல்லை. கோடை முழுக்க அவன் அனுப்பிய வீடியோக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் என் முதுகு. வியர்வையில் ஒட்டிப்போன சுடிதார், மாறி மாறி ஏறி இறங்குகிற தோள். பின்னணியில் அவன் குரல், லெஃப்ட் போடு, ரைட்டு போடு, சூப்பர்டி. முதல் வீடியோவுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "பெட்ரோல் போடாத மோட்டார்." அதற்கு மாமியார்: "மோட்டாருக்கு சோறு போட்டியா?" அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

நான் மீனைக் கழுவினேன். மூன்று மீனில் பித்தப்பையைப் பக்குவமாக எடுத்துப் போட்டேன். நான்காவதில் கட்டைவிரலால் நசுக்கி உள்ளேயே தேய்த்துவிட்டு மசாலா தடவினேன். அதை அவன் தட்டில் வைத்தேன்.

"கசக்குதே?"

"கேம்பிங்னா அப்படித்தான்டா" என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிவில் பாதிரியார் ஓர் அறிவிப்புச் செய்தார். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்காகப் பங்கு மக்கள் ஒன்றாக ஜெபிப்பது அங்கே வழக்கம். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நாங்கள் நின்றோம். "நம் பங்கின் அன்புத் தம்பிக்குப் புனே நகரில் உயர்ந்த பதவியை ஆண்டவர் அருளியிருக்கிறார். தன் துணைவியோடு அவர் செல்லும் பாதையை ஆசீர்வதிப்போம்" என்றார். கோவில் முழுக்க எங்களை நோக்கிக் கைகளை நீட்டியது. அவன் தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான். துணைவியான நான் பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "யாருக்குடா பதவி?"

"கத்தாத. அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன், அவங்களுக்கு ஒரு சந்தோஷம். யாரு வேலைன்னா என்ன, ரெண்டு பேரும்தானே போறோம்?"

அந்தப் பக்கம் மாமியார் பெண்கள் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய வேலைக்குப் போறோமேன்னு மருமவள இங்க விட்டுட்டுப் போவாம, எம்புள்ள கையோட கூட்டினு போறான் பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. கடைசியாக ஒரு தடவை ஏரிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

"இன்னிக்கு நான் பின்னாடி உக்கார்றேன்" என்றேன். அவனுக்கும் அது பிடித்திருந்தது. "என்னைய நல்லா வீடியோ எடு, ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு போடணும்" என்று தன் கைப்பேசியை என்னிடம் தந்து முன்னால் ஏறினான்.

கரையை விட்டு விலகியதும் என் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

"லெஃப்ட் போடு. ஆங். ரைட்டு. வேகமா" என்றேன்.

"என்னடி இவ்ளோ வெயிட்டா இருக்கு? நீ போடுறியா?"

"போடுறேன்டா. உனக்குக் கை சரியில்ல, அதான்."

நடு ஏரியில் காற்று எதிர்த்தது. அவன் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் முதுகை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. இடது தோள் வலதைவிடச் சரிந்திருந்தது. பழுது என்று சொல்லமுடியாது, ஆனால் அளவு சரியில்லை. கை எரிகிறது, கொப்புளம் போட்டுவிட்டது, திரும்பிவிடலாம் என்றான். எதிர்க்கரைப் பனைமரத்தைச் சொல்லி அதுவரை போகவைத்தேன். அங்கே போனதும் அடுத்த மரத்தைச் சொன்னேன். அவன் குரல் கெஞ்சலாக மாறியபோது வீடியோ எடுத்து, அவன் கைப்பேசியிலிருந்தே அவர்கள் வீட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். கீழே, "புது மோட்டார்" என்று எழுதினேன்.

கரையில் அவன் மண்ணில் மல்லாந்து விழுந்தான். பிறகு தலையைத் தூக்கி என் மடியைப் பார்த்தான். காய்ந்திருந்தது. துடுப்பைப் பார்த்தான். அதுவும் காய்ந்திருந்தது. அப்புறம் சிரித்தான்.

"சரி, விடு. இப்ப ரெண்டு பேரும் சமம்."

அது அப்படியே முடிந்திருக்கவும் கூடும். என் கோபம் பாதி அந்தத் தண்ணீரிலேயே இறங்கியிருந்தது. சமையலறையோடு உள்ள வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடலாம் என்றுகூட அந்த நிமிடம் நினைத்தேன். அப்போது அவன் கைப்பேசியில் மாமியாரின் குரல் பதிவு வந்தது. பழக்க தோஷத்தில் அவன் தட்டிவிட்டான்.

"டேய், எதுக்குடா அவ உன்ன மாடு மாதிரி வேலை வாங்குறா? நாலு எழுத்துப் படிச்ச திமிரு. எங்க போனாலும் மண்ணூர்பேட்டை புத்தி போவுமா? கையப் பாரு, ஐயோ, எம்புள்ள கை!"

கீழே நாத்தனார்: "பாவம் அண்ணன்." மஞ்சள் முகங்கள் இருந்தன. ஆனால் ஒன்றும் சிரிக்கவில்லை, எல்லாம் அழுதன.

அதே ஏரி, அதே படகு, அதே வேலை. முதுகு மட்டும் வேறு.

"அம்மா சும்மா சொல்றாங்க" என்றான் அவன், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து.

சனிக்கிழமை மத்தியானம் காட்டுப்பாக்கத்தில் எங்களுக்கு வழியனுப்பு விருந்து. மட்டன் பிரியாணி. மாமியார் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி மகனுக்கு வைத்தார். "அங்க யாரு இப்படிப் போடப் போறா உனக்கு?" என்றார். நாத்தனார் வீட்டுக்காரர் வெங்காயப் பச்சடியை என் பக்கம் தள்ளினார். அப்போது என் கைப்பேசி அடித்தது. கம்பெனியில் தங்குமிடம் ஏற்பாடு செய்கிறவர். கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், அந்த அக்கமடேஷன். இன்னிக்குச் சொல்லிடணும். ஃபேமிலியா, சிங்கிளா?"

"சிங்கிள், சார்."

"கன்ஃபர்ம் பண்ணிடட்டுமா மேடம்?"

"பண்ணிடுங்க."

வைத்துவிட்டேன். என் கணவன் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தான். மாமியார் கரண்டியைக் குண்டானிலேயே நிறுத்திவிட்டு, என்னையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"அவளுக்கு ஏன்டா வீடு குடுக்கறாங்க? அப்ப உனக்குக் கம்பெனில எங்க குடுக்கறாங்க?"

அவன் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"சொல்லுங்க" என்றேன், மாமியார் முன்னால் எப்போதும் அவனிடம் பேசுகிற அதே மரியாதையோடு. இந்தத் தடவை அவன் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுசாகத் தெரிந்தது.