ஒரு பிள்ளை குறைந்த ஊர்

எங்கள் நகரத்துப் பசுந்தாங் சந்தையில், பழந்துணிக் குவியலிலிருந்து மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

"அக்கா, இந்தப் புழுக்கத்துல அதப் போட்டா வெந்துருவீங்க," என்று கடைக்காரர் சிரித்தார்.

சுவிட்சர்லாந்தில், ஏரிக்கரையில், பிரெஞ்சு பேசுகிற சிற்றூர் ஒன்றில் நான் சிறுவயதில் படித்த வகுப்பறைக்கும் இந்த மணம்தான். கணப்பு அடுப்பருகே எங்கள் கோட்டுகள் வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். அப்பா அங்கே ஒரு பணக்கார வீட்டில் சமையல்காரர். இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றிருந்த குளிர்காலத்தில் நாங்கள் போய் இறங்கினோம். மறுநாளே ஊர்த்தலைவரும் ஆசிரியையும் ரொட்டிக்கடை அம்மாளும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"நம்மூர்த் தாமுவே பள்ளிக்கொடத்துல எடமில்லேன்னு வெரட்டுனாங்க, இங்க ஒன்னயக் கூப்புட ஊரே வந்திருக்குடி," என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு சொல் பிரெஞ்சு தெரியாத என்னைச் சேர்த்துக்கொண்டு பள்ளி பிழைத்தது. பனி கொட்டிய காலைகளில், நான் வராமல் இருந்துவிடக் கூடாதென்று, எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை யாராவது பனியை வாரிப் பாதை போட்டிருப்பார்கள்.

அப்பாவின் வேலை போனதும் கிளம்பினோம். பள்ளியை மூடினார்கள், பிறகு ஊரையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் ஊர் இல்லை. நானும் அப்புறம் படிக்கவில்லை. பல ஊர்களில் பாத்திரம் கழுவினேன், துணி தைத்தேன், சில நாள் பட்டினி கிடந்தேன். போன இடமெல்லாம் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்த ஊருக்கு மட்டும் நான் வேண்டியிருந்தது.