சீமாட்டியின் கூண்டைக் கழுவிய காலை

எங்கள் அண்ணிக்குக் கரப்பான்பூச்சி என்றாலும் பயம், பல் டாக்டர் என்றாலும் பயம். வேலை பார்த்தது மட்டும் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில், நாய்க் கூண்டு கழுவும் வேலை. "நாய் உறுமிட்டுத்தான் கடிக்கும். மனுஷங்க சிரிச்சிட்டே கடிப்பாங்க" என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அந்த வருஷம் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மகளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றினால் பிறகு பிள்ளை பிறக்காமல் போகலாம் என்று, முன்கூட்டியே அவளுடைய, கருமுட்டை உருவாகும் சூலகத்தில் ஒரு துண்டை வெட்டி உறைய வைத்திருந்தார்கள். திரும்ப ஒட்டினால் அது உயிர்பிடிக்குமா? அதைத்தான் கூடத்தில் ஒரு பெட்டை நாயிடம் சோதித்தார்கள். யாருக்கும் வாலாட்டாததால் அண்ணி அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தார். அதன் சூலகத்தை எடுத்து உறைய வைத்து, மறுபடி உள்ளே தைத்திருந்தார்கள். மாதக்கணக்காகியும் அது பருவத்துக்கு வரவில்லை.

ஒருநாள் காலை குழாயைப் பிடித்துக் கூண்டைக் கழுவும்போது, ஓடிய தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. கம்பியைக் கடித்து ஈறு கிழிந்திருக்கும் என்று நினைத்துக் கழுவி முடித்துவிட்டார். கைக்குப் பழகிவிட்டால் மூளைக்கு லீவு, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

சோதனை நடத்தும் டாக்டர் வந்தார். "இது ஒட்டல. இன்னிக்கே அறுத்துப் பாத்துட்டு முடிச்சிடலாம்."

அப்போதுதான் அண்ணிக்கு அந்தச் சிவப்பின் அர்த்தம் உறைத்தது. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தாலும் அப்படி இரத்தம் கசியும். இரத்தம் கண்டால் கழுவாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. மீறியவர்களுக்கு வேலை இல்லை.

"சார், காலைல தண்ணி செவப்பாப் போச்சு. நான் கழுவிட்டேன்."

"நாயக் காப்பாத்தக் கதை கட்டுறீங்களா?"

"என் பொண்ணுக்காகச் சொல்றேன் சார்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நாயிடம் பஞ்சால் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதற்குள் அண்ணி செத்துப் பிழைத்தாராம்.

"ஒட்டியிருக்கு. குட்டி போடுதான்னு பாப்போம். இனிமே ரத்தத்தக் கழுவுனீங்கன்னா உங்களக் கழுவி விட்டுடுவேன்."

மாலை ஆஸ்பத்திரியில் மகளிடம் சொன்னார். நானும் இருந்தேன். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "குட்டி போட்டதுக்கப்புறம் அத என்னம்மா பண்ணுவாங்க?"

அதைக் கொன்று, உள்ளே சூலகம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று அறுத்துப் பார்ப்பார்கள். அண்ணிக்கு அது தெரியும். "தூங்கும்மா" என்று போர்வையை இழுத்துவிட்டார். மகள் கண்ணை மூடவில்லை.