தள்ளி நட்ட செங்கல் வரிசை

ஓடிக்கொண்டிருந்த ஒருவனை நிறுத்தியவன் நான். அவன் காலைத் தட்டிவிடவில்லை, மருந்து எதுவும் கலக்கவில்லை. "உன் உச்சம் முடிந்துவிட்டது" என்று அவனை நம்பவைத்தேன். நம்பவைத்த அந்த நிமிடத்தில், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமே தெரியும்!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அவனிடம் அல்லவா சொல்ல வேண்டும்... அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன்.

பழங்காநத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலாவதித் தேதி பார்ப்பது என் தொழில். தடகளப் போட்டிகளின் நேரத்தைக் குறித்து வைப்பது என் பித்து. மதுரையைச் சுற்றி எந்த மைதானத்தில் யார் எத்தனை நொடியில் ஓடினார் என்று கேட்டால், பலரும் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். தேதி தவறாதவன் என்று எனக்குப் பெயர். ஆனால் இந்த விவகாரத்தின் தேதியை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவனைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அவனைப் பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூறு மீட்டர். விளாங்குடிக்காரன். மாநிலப் பட்டம் வென்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் அலுவலக வேலை பெற்றவன். முதல் சுற்றில் கடைசி ஆளாகவே வருவான். இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் தோளைச் சற்றே இறக்குவான். அவ்வளவுதான்... அதன்பிறகு மற்றவர்கள் நிற்பதுபோலத் தோன்றும். அந்தத் தோள் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே நான் கடையை அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஓர் ஆண்டு, மழைக்காலம் முடிந்து நடந்த முதல் போட்டியிலும் அவன்தான் வென்றான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அவனுடைய வழக்கமான நேரத்தைவிட இரண்டரை நொடி கூடுதல்! எண்ணூறு மீட்டரில் இரண்டரை நொடி என்பது சிறிய சறுக்கல் அல்ல. அது ஒரு பள்ளம்.

மறுநாள் என் கடைக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் விவாதம் மூண்டது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் தையல்கடை ஜபார் பாய். பாண்டியின் எந்தப் போட்டியையும் தவறவிடாதவர்.

"ஜெயிச்சானா இல்லையா? அதச் சொல்லும்யா மொதல்ல. ரெண்டாவது வந்தவன் எங்கிட்டு நின்னான்?"

"ஜெயிச்சது சரி பாய். நேரம் என்னாச்சு? அவனுக்கும் வயசு முப்பதத் தொடுதுல்ல."

"யோவ், மாத்திர அட்டையப் பாக்குற கண்ணால மனுசனப் பாக்காதீரும். அவன் குதிங்கால்ல தேதி அச்சடிச்சிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே எழுதினேன். உள்ளூர் விளையாட்டு இதழ் ஒன்றில் அப்போது மாதந்தோறும் எழுதிவந்தேன். பாய் வீசிய கேலியையே எடுத்துத் தலைப்பாக்கினேன்: 'காலாவதித் தேதி'. உலகின் பெரிய ஓட்டக்காரர்கள் எந்த வயதில் சரிந்தார்கள் என்று நான் படித்ததையெல்லாம் அடுக்கி, பாண்டியின் உச்சம் கடந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். நன்றாகவே எழுதியிருந்தேன்... அதுதான் கொடுமை! பலர் பாராட்டினார்கள். ஜபார் பாய் படித்துவிட்டு, "எழுத்துல உம்மள ஜெயிக்க முடியுமாய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை நான் செய்தது பிழை. குற்றம் இனிமேல்தான்.

கட்டுரை வெளியான பிறகு, அந்தப் போட்டியின் மற்ற முடிவுகளையும் வழக்கம்போலச் சரிபார்த்தேன். ஒன்று உறுத்தியது. அன்று எண்ணூறு மீட்டர் ஓடியவர்களில் ஒருவர்கூடத் தம் பழைய நேரத்தை எட்டவில்லை. பெண்களும் எட்டவில்லை, பள்ளிப் பிள்ளைகளும் எட்டவில்லை. ஆனால் நேர்கோட்டில் ஓடும் நூறு மீட்டரில் எல்லோரும் வழக்கம்போலவே ஓடியிருந்தார்கள். வளைவில் ஓடியவர்கள் மட்டும் தாமதம். எல்லோருக்கும் ஒரே நாளில் வயதாகிவிடுமா?

ஒரு நண்பகல் அளவு நாடாவோடு மைதானத்துக்குப் போனேன். அது மண் தடம். உள் ஓரத்தில் செங்கற்களைச் சாய்த்து நட்டு எல்லை கட்டியிருப்பார்கள். அந்த ஆண்டு மைதானத்தில் பொருட்காட்சி நடந்திருந்தது. லாரிகள் ஏறி இறங்கியதில் உள் ஓரம் சேறாகிப் பள்ளம் விழுந்திருந்தது. போட்டிக்கு முன் யாரோ அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு, செங்கல் வரிசை முழுவதையும் வெளியே தள்ளி நட்டிருந்தார்கள். பழைய செங்கல் நின்ற குழிகள் அப்படியே இருந்தன. அளந்தேன். ஒருவர் ஓடும் பாதையின் அகலம், நான்கு அடி! எல்லையை அத்தனை தூரம் தள்ளினால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும். எண்ணூறு மீட்டருக்கு இரண்டு சுற்று. எல்லோரும் பதினைந்து மீட்டர் அதிகம் ஓடியிருந்தார்கள். பாண்டியின் வேகத்துக்கு அது இரண்டு நொடி.

அவன் சரியவில்லை. தடம்தான் நீண்டிருந்தது. அன்று முழுக்க நான் அந்தச் செங்கற்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்... பார்க்கவில்லை!

இரண்டரையில் இரண்டு போனால் மீதி அரை நொடி. நான் அந்த அரை நொடியை இறுகப் பற்றிக்கொண்டேன். அரை நொடி கூடியதும் சரிவுதானே? நான் சொன்னது முழுப் பொய் இல்லையே? எதிர்க்காற்று அடித்திருக்கலாம், முதல் போட்டியின் மந்தமாக இருக்கலாம், தூரம் கூடிய களைப்பாக இருக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே ஒதுக்கினேன். அடுத்த இதழில் நான்கு வரி திருத்தம் எழுதினால் போதும். எழுத உட்கார்ந்தேன். ஜபார் பாயின் சிரிப்பு காதில் கேட்டது. எழுந்துவிட்டேன்.

அதே வாரம் பாண்டி கடைக்கு வந்தான். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றான். வேர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. அவனை நிற்கும் கோலத்தில் நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"நீங்க எழுதுனத ஆபீஸ்ல படிச்சுட்டாங்கண்ணே. காலையில பிராக்டிசுக்கு விடுற பெர்மிஷன நிப்பாட்டிருவோமான்னு கேக்குறாக. அது இல்லன்னா ஓட முடியாது. முழு நேரம் சீட்லதான் உக்காரணும்."

"நான் எதும் எழுதித் தரணுமா தம்பி?"

"அதெல்லாம் வேணாம். நான் சண்ட போட்டா இன்னும் ஒரு வருசம் குடுப்பாக. போடவா வேணாமான்னு தெரியல. எனக்கு ஒடம்புல ஒண்ணும் வித்தியாசம் தெரியலண்ணே... ஆனா நேரம் வேற மாதிரில்ல சொல்லுது. நீங்க எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் முடிஞ்சேனா?"

கவனியுங்கள். அவன் உடம்பு அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தது. அதைவிட என்னைப் பெரிதாக நம்பி வந்து நின்றான்.

அளவு நாடா மேசை இழுப்பறைக்குள்தான் இருந்தது. "செங்கல்லத் தள்ளி நட்டுட்டாங்க தம்பி" என்று சொன்னால் முடிந்திருக்கும். நான் சொன்னது இது:

"வாட்ச்சு காமிச்சதத்தான் எழுதுனேன் தம்பி."

"அம்புட்டுதானாண்ணே?"

"அம்புட்டுதான்."

ஒரு சொல்லும் பொய்யில்லை, பார்த்தீர்களா? எத்தனை கவனமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்!

அவன் தலையாட்டினான். "சரிண்ணே, வாரேன்" என்று படியிறங்கினான். அலுவலகத்தில் சண்டை போடவில்லை. அந்த ஆண்டே ஓட்டத்தை விட்டான். மறு ஆண்டு மண் தடத்தையே தோண்டி எடுத்து, செயற்கை ஓடுதளம் போடும் வேலை தொடங்கியது. குழிகளும் போயின, செங்கற்களும் போயின. என் நிம்மதிக்கு அளவே இல்லை.

பாண்டி என்மேல் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவன் நன்றி பாராட்டினான். கோச்சடையில் வீடு கட்டிக் குடிபோனபோது, பந்தியில் என்னைத் தன் உறவினர்களுக்குக் காட்டி, "அசிங்கப்படுறதுக்கு முன்னாடி நிப்பாட்டுனதே இந்த அண்ணன்தான்" என்றான். இலையில் இருந்த இனிப்பை நான் தின்று முடித்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் இன்னும் உச்சத்தில்தான் இருந்தானா? மேலும் இரண்டு ஆண்டு ஓடியிருப்பானா? தேசியப் பதக்கம் பெற்றிருப்பானா? எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த அரை நொடி நிஜமான சரிவாகவே இருந்திருக்கலாம். விவாதத்தில் நான் சொன்னதே சரியாகக்கூட இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவன் ஓடுவது. அந்த வழியை அடைத்தவன் நான்.

சென்ற மாதம் மூத்தோருக்கான தடகளப் போட்டி நடந்தது. அதே மைதானம், புதிய சிவப்புத் தளம். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கான எண்ணூறு மீட்டரில் பாண்டி பெயர் கொடுத்திருந்தான். சிறு தொந்தி விழுந்திருந்தது. "நீங்கதாண்ணே வாட்ச்சு பிடிக்கணும்" என்று வற்புறுத்தி என்னை எல்லைக்கோட்டில் நிறுத்தினான். பக்கத்தில் ஜபார் பாய், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கறுப்புக் கண்ணாடியோடு.

முதல் சுற்றில் கடைசி ஆளாகவே வந்தான். இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில்... தோள் இறங்கியது! "பாத்தீரா, பாத்தீரா!" என்று பாய் என் முழங்கையைக் கிள்ளினார். இருவரைத் தாண்டினான். மூன்றாவதாக வந்தான்.

முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றவன், மூச்சு வாங்கியபடி கையை நீட்டினான். கடிகாரத்தைக் காட்டினேன். பழைய நேரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. எப்படி இருக்கும்? இனி அவன் எத்தனை முறை ஓடினாலும் கடிகாரம் என் கட்டுரை சரியென்றுதான் காட்டும்.

நேரத்தைப் பார்த்துச் சிரித்தான். ஜபார் பாயிடம் திரும்பி, "பாய், அண்ணன் அன்னைக்கே கணிச்சாரு பாத்தீங்களா" என்றான். பாய் கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டி இன்னொரு முறை கடிகாரத்தை எட்டிப் பார்த்தான்.

"அம்புட்டுதானாண்ணே?"

"அம்புட்டுதான்" என்றேன்.